நாலு மணி லைன் டெஸ்ட்

ஒரு புகாருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது தொலைபேசி அலுவலகத்தில் சட்டம். அதைக் காற்றில் பறக்கவிட்டவளுக்கு 'அரைமணி அக்கா' என்று பேர் விழுந்ததில் அதிசயமென்ன? அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயசு. வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி, சூடேறிய கம்பிகளின் வாசனை, மின்விசிறிக்குப் பறக்கும் புகார்ச் சீட்டுகள். என்ன நாட்கள் அவை!

ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவார்.

"அம்மா, என் போன் ரிப்பேர்."

"சார், அதுலதானே பேசிட்டிருக்கீங்க?"

"பேச வருதும்மா. மணிதான் அடிக்கவே மாட்டேங்குது."

லைன்மேன் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மணியில் ஒரு கோளாறும் இல்லை. அவரைக் கூப்பிடத்தான் ஆளில்லை. அது புரிந்த நாளிலிருந்து நாலு மணிக்கு இவளே கூப்பிட்டாள். 'லைன் டெஸ்ட்' என்று பேர். பேசியதெல்லாம் அவருடைய மூட்டுவலியும் மகன் எழுதாத கடிதமும்.

அடுத்தவர் பேசுவதைக் கேட்பதற்கும் ஒரு படிப்பு உண்டென்று தெரிந்ததும் மாலைக் கல்லூரியில் உளவியல் சேர்ந்தாள். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் லீவு. வாத்தியாரிடம் சொல்ல வேண்டுமென்று மண்டையில் உறைக்கவே இல்லை. திரும்பி வந்து கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

"நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு நெனச்சேம்மா."



படிப்பு முடிந்ததும் மனநல ஆலோசகர் வேலை: பள்ளிக்கூடம், சிறை, தீக்காய வார்டு, கடைசியில் போக்குவரத்துக் கழகம். போன இடமெல்லாம் அறைக்கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. லீவு போட்டால், திரும்பி வரும் தேதி அதில் இருக்கும். "உள்ள இருக்கறவனுக்கே வெளிய போற தேதி தெரியாது, உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று சிறைக்காவலர் கிண்டலடித்தார். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனாள்.

அறுபது வயசில் ஓய்வு வந்தது. சிலேட்டில் எழுதத் தேதி இல்லை. விபத்துக்குப் பின் ஸ்டியரிங்கைத் தொடாத பஸ் டிரைவர் ஒருவர், வியாழன்தோறும் நாலு மணிக்கு வருகிறவர், அப்போதுதான் வாய் திறக்க ஆரம்பித்திருந்தார். போகிறேன் என்றால் பழையபடி மூடிக்கொள்வாரோ? பயத்தில் மூன்று வாரம் மென்று விழுங்கினாள். நாலாவது வாரம், வாத்தியார் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். இனிமேல் என் இடத்துக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் பேசுங்கள் என்றாள். டிரைவர் அவளுடைய வீட்டு நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த வியாழன், வீட்டில் ஈ எறும்பு சத்தமில்லை. நாலு மணி நெருங்க நெருங்க அவள் போனையே சுற்றிச் சுற்றி வந்தாள். ரிப்பேரோ என்று ஒருமுறை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மணி அடித்தது.

"மேடம், லைன் டெஸ்ட்," என்றார் டிரைவர். "புதுப் பொண்ணுகிட்ட போய்ட்டு வந்தேன். காலைல டிப்போக்குள்ளயே வண்டிய ஒரு சுத்து ஓட்டினேன்... மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்ப்பா," என்றாள். "நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு நெனச்சேன்."