மூன்றே எழுத்தில் முதலாளி

“...அதெப்படி அப்பு, முதலாளி பேரைப் போயி மொட்டையா அடிக்கிறது? வெரலு வருமா?” என்றார் அக்கா.

அக்கா எங்கள் நூற்பாலையின் திண்டுக்கல் ஆபீஸில் எழுத்தர். ஆலை வேடசந்தூர்ப் பக்கம். காலையில் இங்கிருந்தே டெலிபோன் லைன் வழியாக ஆலைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, முந்தைய நாள் ஓடிய நூல் விவரத்தை எடுக்க வேண்டும். அந்த வேலை அக்கா கைக்கு வந்து நாலு நாள்தான். நாலு நாளும் அவர் நுழையப் போன மாத்திரத்தில் அங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. நான் மில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அதை எழுப்பிவிட்டு வருவேன். புத்தகம் பார்த்துக் கம்ப்யூட்டர் படித்தவன் நான். கையில் சர்டிபிகேட் கிடையாது. “நாளைக்கும் படுத்துச்சுன்னா நீ வேலைக்கு வர வேணாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் அக்காவின் பின்னால் நின்று பார்த்தேன். பெயர் கேட்ட இடத்தில் மனுஷி அடித்துக்கொண்டே போகிறார். திருமிகு, அப்பா பெயர், பட்டம், ஆலை அதிபர், பள்ளிக்கூடப் புரவலர், விழாக் கமிட்டித் தலைவர் என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அத்தனையும். பாய்ந்து கையைப் பிடித்தேன். பாதி வினை என்னுடையது. “பேர் கேட்டா முதலாளி பேரை அடிங்கக்கா” என்று போனில் சொன்னவன் நானேதான். மூன்றெழுத்துச் சுருக்கம்தான் என்று சொல்ல மறந்திருந்தேன். இப்போது சொன்னதற்குத்தான் அக்கா அந்த ‘வெரலு வருமா’வைக் கேட்டார்.

“நீளமா அடிச்சா தப்புன்னு சொல்லட்டும். அதுக்கு ஏன் படுக்குது?”

நியாயமான கேள்வி. “பந்தியில ஒரு எலைக்குத்தான் எடம் விட்டிருக்கான்க்கா. நீங்க ஊத்துற ரசம் அடுத்த எலைக்கு ஓடுது. நிறுத்தச் சொல்ல ஆள் போடல, புரோகிராம் எழுதுனவன். இதைப் பக்குவமா ஓடவிடத் தெரிஞ்ச களவாணி, பாஸ்வேர்டே இல்லாம உள்ள போயி உக்காந்துக்குவான். திருத்துன புரோகிராம் பிளாப்பியில மெட்ராஸ்லருந்து வார வரைக்கும் இந்த லைனையே மூடி வைக்கலாம்னா முதலாளி விடமாட்டாரு. நீங்களாச்சும் சுருக்கமா அடிங்க.”

“களவாணி வந்தா நீ பாத்துக்க. என்னால ஏலாது.”

வாசலில் செருமல் கேட்டது. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“மூணெழுத்தே அடிம்மா. நான் ஒண்ணும் தேஞ்சு போயிர மாட்டேன். உள்ள போவுதா பாப்போம்.”

அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, எழுந்து நின்றுகொண்டே ஒற்றை விரலால் மூன்று எழுத்தையும் அடித்தார். பாஸ்வேர்டையும் அப்படியே அடித்தார். ஆலையின் நூல் கணக்கு திரையில் ஓடத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.