அக்கா பொறுக்கிக் கொடுத்த சத்துமாவு

தஞ்சாவூரில், உணவில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். எங்கள் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் பலவித நஞ்சுகளைப் பிரித்துக் காட்டிவிடும். அதனோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. என் உயிரை வாங்கியவர்கள், சோதனைக்குத் தானியம் கொண்டுவருகிறவர்கள்தான். மூட்டையில் இருப்பதை அப்படியே அள்ளி வாருங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டார்கள். சொத்தையைப் பொறுக்கி, புடைத்து, வெயிலில் காயவைத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் முன் நிறுத்துவதுபோல் சிங்காரித்துத்தான் கொண்டுவருவார்கள். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. அதுதான் மரியாதை என்று நினைப்பு. அதைச் சோதித்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

கடைசியில் என் சொந்த அக்காவே அப்படி ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றாள்.

குத்தாலத்தில் அவள் சத்துமாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு துபாயில் வேலை. அங்கே மளிகைக்கடை வைத்திருந்த நம் பக்கத்து பாய் ஒருவர், பரிசோதனையில் தேறினால் மாவை வாங்கிக்கொள்வதாக அவரிடம் சொல்லியிருந்தார். வியாபாரம் பிடித்துவிட்டால் அத்தான் ஊரோடு வந்துவிடலாம். அக்காவுக்கு அந்த ஒரு நினைப்புதான்.

“ஒவ்வொரு கடலையா பாத்துப் பொறுக்கி அரைச்சேன்டி. உங்க ஆபீசுக்கு வர்றதாச்சே.”

“அனுப்பப்போற மாவு இதுவா?”

“அது மூட்டையில இருக்கு. எல்லாம் ஒரே சாமான்தான்.”

ஒரே சாமான் இல்லை. மாவு மூட்டையின் ஒரு மூலையில் கெட்ட கடலை அரைபட்டிருக்கும், பக்கத்துப் பிடி சுத்தமாக இருக்கும். சொன்னால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு நானே குத்தாலம் போய், ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று அள்ளிவந்தேன். “நம்ம வீட்டு மாவையே நம்ப மாட்டேங்கிற” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோதித்ததில் ஒன்றல்ல, பல நஞ்சுகள் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தன. அடைமழை முழுக்கக் கடலையும் மக்காச்சோளமும் ஈரத்தரையில் கிடந்திருக்கின்றன.

போனில் சொன்னேன். “வறுத்தாலும் போகாது, சலிச்சாலும் போகாது. இந்த மாவு ஆகாதுக்கா.”

“அத்தனை மூட்டையுமாடி?” என்று கேட்டாள். பிறகு, “சரி, அனுப்பல. அத்தான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். ஆனாலும் ஒருத்தியாவது என் பேச்சைக் கேட்டாளே என்று ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்த மாதம் அவள் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பார்க்கப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரோடு சிரித்தாள். அக்கா எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். வறுத்த கடலை வாசம்.

“எந்த மாவுக்கா இது?”

“அதேதான். அந்த அளவெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குத்தானே? நம்ம உடம்பை என்ன பண்ணப்போவுது? அத்தனையையும் கொட்ட மனசு வருமா? புள்ளத்தாச்சி, ரெண்டு வேளையும் இதைத்தான் கரைச்சுக் கொடுக்கிறேன்.”

எழுந்துபோய் அந்தப் பெண் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினேன். குடித்து முடித்திருந்தாள்.