வரப்போகிறவருக்கான முகம்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடிப்பது நிமலுக்குப் புதிய வேலை அல்ல. பிரேதங்களை அடக்கத்துக்குத் தயார்செய்யும் எங்கள் மலர்ச்சாலையின் வாகனத்தை ஓட்டுகிற சிங்களப் பையன் அவன். பிரேதம் வந்தால் கோயில் வாசலில் நின்று கையைக் காட்டுவான். நான் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவேன். போன மாதம் அவன் கையைக் காட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்ட வந்து, "அக்கே, பரமேஸ் அக்கா..." என்றான். விசர்க்கதை கதையாதே என்று அவனை ஏசினேன். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேசையில் சரிந்து உயிரை விட்டுவிட்டாளாம்.

பரமேஸ்வரியை உங்களில் பலருக்குத் தெரியும். கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உங்கள் வீட்டுப் பெண்கள் இறந்தபோது அவர்களைக் குளிப்பாட்டி, பழுதாகாமல் மருந்தேற்றி, சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்திய இருவரில் ஒருத்தி அவள். மற்றவள் நான். உங்களுக்குத் தெரியாதது, அவள் தன் தம்பிக்காகக் காத்திருந்தாள் என்பது. சிவா ஜெர்மனிக்குப் போய் இருபது வருஷம் ஆகப்போகிறது. இப்போது சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். அவரும் அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார். இந்த ஒரு மாதத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று அந்தோனியாரோடு நான் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளை நான் முதலில் கண்டது அவளுடைய மாமாவின் பிரேதத்துக்குப் பக்கத்தில். அப்பா துறைமுகத்தில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்த பிறகு, அந்த மலர்ச்சாலையில் நான் தொழில் பழகச் சேர்ந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. எங்களுக்குத் தொழில் பழக்கியவர் வின்சென்ட் அங்கிள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே கேட்டாள்:

"இதை எனக்கும் பழக்குவீங்களோ?"

"இது பொம்பளப் பிள்ளைங்க பழகுற வேலையா மகள்?"

"உந்தப் பிள்ளை பழகுறா தானே?" என்று என்னைக் காட்டினாள்.

"அவவா? அவ பிரேதத்தக் கண்டா மயங்கி விழுறா."

"அப்ப அவவைப் பிடிக்கவாவது ஒராள் வேணும்."

வின்சென்ட் அங்கிள் செத்தவீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் அவள் வந்து நின்றாள்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தை அறைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எல்லோரும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். விசாவுக்கு, ஏஜென்சிக்காரனுக்கு, அண்ணனின் ஸ்பொன்சருக்கு. பரமேஸும் அப்படித்தான் வந்தவள். "விடிஞ்சா காத்திரு, பொழுதுபட்டா படு. எனக்கு உது சரிவரேல்லை, ஸ்டெல்லா," என்றாள். வெளிநாட்டுக் கதையை அவள் பிறகு எடுக்கவே இல்லை. தொழில் அவளைப் பிடித்துக்கொண்டது.

முதல் வருஷம் எங்களுக்குக் கிடைத்தது பஞ்சும் வாளியும் சேலைக்கு ஸ்திரிக்கை போடுவதும்தான். வின்சென்ட் அங்கிள் முகத்தைத் தொட விடமாட்டார். அதற்குப் பதிலாக மத்தியானங்களில் எங்களில் ஒருத்தியை மர வாங்கில் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, மற்றவளை முகத்தைப் பார்த்துப் படிக்கச் சொல்வார். "செத்த முகத்தப் பார்த்துப் படிச்சா செத்த முகந்தான் வரும். தூங்குற முகத்தப் பாருங்க," என்பார். எந்த உதடு எங்கே தளர்கிறது, கன்னம் எப்படி விழுகிறது என்று நான் படிக்கவேண்டும். நான் குனிந்தவுடனே பரமேஸுக்குச் சிரிப்பு வந்துவிடும். உண்மையாகவே அவள் தூங்கிப்போன நாட்களில்தான் நான் ஏதாவது படித்தேன்.

அவள் இருந்த அறையின் வீட்டுக்காரம்மாவிடம், தனக்கு ஒரு கந்தோரில் எழுத்து வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் மருந்து மணம் போகாது. ஒரு நாள் யாரோ செத்தவீட்டில் அவளைக் கண்டுவிட்டார்கள். அன்றைக்கே அறையை விடச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. பையோடு எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் வந்து நின்றவளை என் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தார். நான் கல்யாணம் கட்டி ஹெந்தளைக்குப் போகும்வரை நாங்கள் ஒரே அறையில் கிடந்தோம்.

நாங்கள் தனியாகச் செய்த முதல் முகம் வெள்ளவத்தையில் இறந்த ஒரு தாயுடையது. மகன் யாழ்ப்பாணத்தில். சண்டைக்குள்ளிருந்து வெளியே வர அவருக்குப் பாஸ் கிடைத்து, கப்பலில் இடம் கிடைத்து வந்து சேரும்வரை பிரேதத்தை வைத்திருக்கவேண்டும். கூட இருந்த மகள் அண்மையில் எடுத்த ஒரு படம் தந்தா. அந்தப் படத்தில் இருந்தது இருந்தபடி செய்தோம். மெலிந்த கன்னம், மூக்குக்கண்ணாடி எல்லாம். வந்தவர்கள் தூங்குவது போல இருக்கிறா என்றார்கள். எங்களுக்குத் தலைகால் தெரியாத பெருமை. மகன் வந்தார். ஒருதரம் பார்த்தார். "இது என்ர அம்மா இல்லை," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவருடைய தங்கச்சி கதறுகிறா, சனம் குசுகுசுக்கிறது. பரமேஸ் அவருக்குப் பின்னால் போனாள்.

"அண்ணை, அம்மாவைக் கடைசியாய் எப்ப கண்டனீங்கள்?"

நாட்டில் சண்டை தொடங்க முன்னமே அம்மா கொழும்புக்கு வந்துவிட்டாவாம். அப்போது நிரம்பிய முகம், இறுக்கிக் கட்டிய கொண்டை, பெரிய பொட்டு. பரமேஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கழற்றினோம். கன்னத்துக்குள் பஞ்சு வைத்தோம். தலைமயிரை இழுத்துக் கட்டினோம். மறுபடி உள்ளே வந்த மகன் தாயின் காலைக் கட்டிக்கொண்டு எழும்பவே இல்லை. "இனிமே நீங்க பழகுற ஆக்கள் இல்ல," என்றார் வின்சென்ட் அங்கிள். எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான்.

"இஞ்ச இருக்கிறவைக்கு அவவைத் தெரியும் தானே. முகம் வரப்போறவைக்குத்தான்," என்றாள் பரமேஸ், அன்றைக்கு பஸ்ஸில். அதற்குப் பிறகு சண்டை பிரித்த எத்தனையோ குடும்பங்களுக்கு நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் சிவாதான் வந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தம்பிக்கு அவள் தன்னுடைய படம் ஒன்றுகூட அனுப்பியதில்லை. வந்து காணட்டும் என்பாள். டிக்கெட் போட்ட செய்தி வந்தவுடன் தலைமயிருக்கு மை வாங்கி வைத்தாள். "யாரடி மாப்பிள்ளை?" என்று பகிடி பண்ணினேன். "தம்பி என்னைக் கிழவியாய்க் காணப்படாது," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவள் இறந்த அன்று பின்னேரம் சிவா தொலைபேசியில் அழைத்தார். டிக்கெட்டை மாற்றிவிட்டாராம், எப்படியாவது முகத்தைக் காட்டுங்கள் என்று அழுதார். காட்டுகிறேன் என்று சொன்னேன். மையை எடுத்துக் கிட்ட வைத்துக்கொண்டு, அவர் போகும்போது அக்கா எப்படி இருந்தா என்று கேட்டேன்.

"இரட்டைப் பின்னல். ஏன் அக்கா? நரைச்சிட்டுதோ?"

"ஓம். மை பூசப்போறேன். அவ ஆசைப்பட்டதும் அதுதான்."

மை டப்பாவின் மூடியைத் திருகினேன்.

"வேண்டாம் அக்கா. அந்தப் பின்னலைத்தான் இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தனான். எனக்குத் தெரியாததைக் காணவேணும். ஒண்டையும் மறைக்காதேங்கோ."

அவள் கேட்டிருந்தால் என்னைக் கொன்றிருப்பாள். ஆனாலும் வருகிறவர் அவர்தானே. குளிப்பாட்டினேன், மருந்தேற்றினேன், தலையைச் சீவிவிட்டேன். நரையை அப்படியே விட்டேன்.

வந்தவர் தலை வழுக்கை விழுந்த, கனத்த மனிதர். தெருவில் கண்டால் பரமேஸுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. உடனே அழவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்குக் கிட்ட இருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியைத் தொட்டு, "இந்தக் காயம் எப்ப?" என்று கேட்டார்.

"எங்கட கிணத்தடியில வழுக்கி விழுந்தா. எழும்பி என்னையும் தள்ளிவிட்டா."

"இந்த விரல் ஏன் இப்பிடி?"

"கொழும்பில குண்டு வெடிச்ச அன்றைக்கு எங்கட வான் வண்டிக் கதவுக்குள்ள மாட்டினது. அந்தக் கையோடயே வேலை செய்தா."

"சந்தோஷமா இருந்தவவோ?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வேலை செய்யுற நேரம் சந்தோஷமா இருப்பா. நீங்க டெலிபோன் கோல் எடுத்த அன்றைக்கு ஒருத்தரோடயும் கதைக்க மாட்டா."

அப்போதுதான் அவர் அழுதார். தூக்குவதற்கு ஆட்கள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு அவளைக் காணவேண்டும் போல இருக்கிறது, இதை எழுதும்போதும். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் காணாத அந்த வருஷங்கள்தான். அவர் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்விட்டார். இப்போதும் அழைத்து, "இன்னும் சொல்லுங்கோ அக்கா," என்கிறார்.