பாரிஸிலிருந்து பத்தரை மணி நேரம்

அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்ததே அண்ணனுக்காகத்தான். பாரிஸிலிருந்து அவன் வந்து கொள்ளி வைக்க வேண்டும். தெருமுனையில் கார் திரும்பும்போதெல்லாம், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஊரான சாரம் பக்கம் 'நேஷனாலிட்டி பொண்ணு' அமைவது அரசாங்க வேலையைவிடப் பெரிது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்ததும் நான்தான். வீட்டில் பெருமை மட்டும் அவன் விமானம் ஏறியதற்கு.

மதியம் அவன் போன் செய்தான். பங்காளிகளும் கேட்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"வர்றதுக்கே ரெண்டு நாள் ஆவும்மா. அதுவரைக்கும் வெச்சிருக்காதீங்க. சித்தப்பா பையன வெச்சி முடிச்சிடுங்க."

"ரெண்டு நாளாப்பா? அவ்ளோ தூரமா?"

அம்மாவின் முகம் தெளிந்தது. மகன் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தூரம் என்றுதான் சொன்னான்.

நான் போனை வாங்கினேன். "சென்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். நேரா வர்ற பிளைட்டு பத்தரை மணி நேரம். அங்கேருந்து கார்ல மூணு மணி நேரம். இன்னிக்கு ஏறினா நாளைக்கு இங்க இருப்ப. நீ எதுல வர்ற, கட்டுமரத்துலயா?"

பங்காளி ஒருவர் சிரித்துவிட்டு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"டிக்கெட்டு கெடைக்கணும்ல."

"இருக்கு. இப்பதான் பாத்தேன்."

அவன் துண்டித்துவிட்டான். அம்மா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப நாளைக்கு வந்துடுவான். யாரும் எடுக்கக் கூடாது."

மறுநாள் சாயங்காலம்வரை பெட்டி கூடத்திலேயே இருந்தது. அவனுடைய போன் அணைந்தே கிடந்தது. பங்காளிகள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகு சித்தப்பா மகன் மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். அப்போதும் அம்மா தெருமுனையைத்தான் பார்த்தாள்.

பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ரெண்டு நாள் பயணம் என்றே சொன்னாள். கருமாதியன்று தவளக்குப்பத்து அத்தை, "பெத்த புள்ள எங்கடி?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் ஆவுதாம் அண்ணி, புள்ள என்ன பண்ணுவான்? நான் சொன்னா நம்ப மாட்டீங்க, படிச்சவ இதோ நிக்கிறா, இவளையே கேளுங்க."

என் படிப்பை அம்மா நாலு பேர் முன்னால் மதித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பொய்க்குச் சாட்சி சொல்வதற்காக.

"பத்தரை மணி நேரம் அத்தை" என்றேன்.

அத்தை இலையில் கையை வைத்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சொன்னதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் போயிட்டன்னா, அவன் வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"அதே பத்தரை மணி நேரம்தான்" என்றேன். "ஏறினா."

அவள் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.