என் மனைவியின் பழைய போனில் இருந்தவர்கள்

என் மனைவி குடும்பநல மாது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவளுடைய வேலை. கொடிகாமம் பக்கத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு, எங்கள் ஊரான கோப்பாய்க்கே இடமாற்றம் கிடைத்து வந்த சமயத்தில் அவளுடைய போன் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு விழுந்தது. காலையில் நிறையச் சார்ஜ் போட்டாலும் மத்தியானத்துக்குள் உயிரை விட்டது. தாய்மார் அவசரத்துக்கு எடுக்கிற போன் இப்படி இருக்கக்கூடாது என்று புதிது வாங்க முடிவு செய்தோம். நெல்லியடியில் எனக்குப் பழக்கமான ஒரு கடையில் பழைய போனையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

நாங்கள் போன நேரம் கடையில் நல்ல சனம்.

“பழசை வைச்சிட்டுப் போங்கோ அக்கா. ஆறுதலா நான் எல்லாத்தையும் அழிச்சு ரீசெற் பண்ணிறன்” என்றான் கடைக்காரன்.

“இல்லைத் தம்பி, அது என்ரை கண்ணுக்கு முன்னாலை நடக்கோணும்” என்றாள் மனைவி.

எனக்குத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரம். ஒரு போனை வைத்துவிட்டு வருவதற்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சனம் குறையும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“அழிச்சாப்பிறகு கெட்டிக்காரன் ஆராவது உள்ளுக்கை கிடக்கிறதைத் தோண்டி எடுப்பானோ?”

“இப்பத்தை போனிலை எல்லாம் பூட்டித்தான் கிடக்கும் அக்கா. ரீசெற் பண்ணினால் அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு அழிஞ்சு போகும். பிறகு உள்ளுக்கை மிச்சம் மீதி கிடந்தாலும் ஒருத்தராலையும் வாசிக்கேலாது. ஆனா மெமரி காட்டை அது தொடாது. அதைக் கழட்டி நீங்களே கொண்டு போங்கோ.”

அவள் மெமரி காட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று போன் கேட்டபோது, கடைக்காரனுடைய விரலை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினாள். திரை கறுத்து, மறுபடி வெளித்து, மொழியைத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்டது. புதிதாக வாங்கிய போனைப் போல ஒன்றும் அறியாத முகத்தோடு இருந்தது. அதன் பிறகுதான் அவள் எழும்பினாள்.

அடுத்த நாள் காலை, புதுப் போனில் தன்னுடைய மின்னஞ்சல் கணக்கைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்து போனைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“இஞ்சருங்கோ, அழிச்சதெல்லாம் திரும்பி வந்து கிடக்கு.”

நான் எட்டிப் பார்க்கப் போனேன். அவள் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் விசயம் விளங்கியது. போனுக்குள் இருந்தவைதான் அழிந்திருக்கின்றன. அவளுக்குப் படங்கள் வந்து சேரச் சேர, போன் அவளுக்குத் தெரியாமலே ஒவ்வொரு பிரதியைக் கணக்கிலும் கொண்டுபோய் வைத்திருக்கிறது. இடம் போதவில்லை என்று போன் முறையிட்ட நேரங்களில் அவள் அழித்துவிட்டதாக நினைத்தவைகூட அங்கே பத்திரமாக இருந்தன.

அவளுக்கு வருகிற படங்கள் எப்படிப்பட்டவை என்று சொன்னால்தான் அவளுடைய பதற்றம் விளங்கும். பால் கட்டி வெடித்த மார்பு, பிரசவத்தில் போட்ட தையல், பிள்ளையின் மலம், உடம்பில் திட்டுத் திட்டாகக் கிளம்பிய தடிப்பு. வைத்தியரிடம் காட்டக் கூச்சப்படுகிற பெண்கள் மிஸ்ஸியிடம் கூச்சமில்லாமல் அனுப்பினார்கள். தாதிமாரையும் இவளைப் போன்றவர்களையும் எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவையெல்லாம் அவள் அன்று காலை வாயால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் அவற்றில் ஒரு படத்தை நான் கண்டதில்லை. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டதில்லை. குரல் செய்தி வந்தால் அவள் கிணற்றடிக்குப் போய்த்தான் கேட்பாள்.

“கணக்குக்குத்தானே பாஸ்வேட் இருக்கு. உமக்கு மட்டும்தானே தெரியும். கிடந்திட்டுப் போகட்டுமே” என்றேன்.

“அந்தப் பிள்ளையள் எனக்கெண்டுதான் அனுப்பினவை. எங்கையோ கொண்டுபோய் அடுக்கி வைக்கச் சொல்லி அனுப்பேல்லை” என்றாள்.

அன்று தொடங்கி, வேலை முடிந்து வந்த பின்னேரங்களில் மாமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள். எங்கள் பிள்ளைகளின் படங்களும் அதற்குள் கலந்து கிடந்ததால் மொத்தமாக அழிக்க முடியவில்லை. அழித்தவை முதலில் குப்பைக்கூடைக்குள் போய்க் கொஞ்சக் காலம் அங்கேயே கிடக்கும் என்று கண்டுபிடித்து, கதிரையை விட்டு எழும்புவதற்கு முன் அதையும் வெறுமையாக்கினாள். ஒருநாள் ஒரு படத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, யாருக்கோ போன் எடுத்தாள். தாழ்ந்த குரலில் கதைத்தாள். “அந்தக் கையிலை இப்ப நோ இல்லைத்தானே? அந்தாள் பிறகு கை நீட்டேல்லையே?” என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. அந்தப் படத்தை அழித்தாளா வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகொரு பின்னேரம், “இஞ்சை ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

அவளிடம் ஒரு சிறு வீடியோ இருந்தது. அதை எனக்குக் காட்டவில்லை, கதையைச் சொன்னாள். கொடிகாமத்தில் ஒரு தாய், பிள்ளை பிறந்த புதிதில், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்டு அனுப்பியது. மஞ்சள் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இருதயத்தில் குறை. சில மாதத்தில் போய்விட்டது. துக்கம் தாங்காமல் அந்தத் தாய், பிள்ளையின் படங்களைப் பார்க்கவும் முடியாமல், ஒவ்வொன்றாக அழிக்கவும் முடியாமல், தன்னுடைய போனை ஒரேயடியாக ரீசெற் பண்ணிவிட்டாள்.

கொஞ்சக் காலம் போக, அவளுக்கு அந்தப் படங்கள் வேண்டும்போல இருந்தது. கடை கடையாக ஏறினாள். ஒருவராலும் எடுக்க முடியவில்லை. அவள் போன் வாங்கிய அன்று கடையில் யாரோ ஏதோ ஒரு பெயரில் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தார்கள். அதன் பாஸ்வேட் என்னவென்று எவருக்கும் தெரியாது. உறவினரிடம் இருந்த ஒன்றிரண்டு படங்களில் பிள்ளை துணியால் சுற்றப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. என் மனைவியிடமும் வந்து கேட்டிருக்கிறாள். இவள் போன் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் இவளுடைய போனில் உண்மையிலேயே இருக்கவில்லை; கணக்கில் கிடந்தது இவளுக்குத் தெரியாது.

“அனுப்பிவிடுமன்” என்றேன்.

“சமையலுக்கை நிக்கேக்கை திடீரெண்டு போனிலை வந்து விழுந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?”

“அப்ப விடும். ரெண்டாவது பிள்ளையும் பிறந்திட்டுதெண்டு சொன்னீர். இப்ப போய் ஏன் கிளறுவான்?”

“வேணுமோ வேண்டாமோ எண்டு நானும் நீங்களும் இருந்து சொல்லேலாது. அவவிட்டைத்தான் கேக்கோணும். நேரை போய்க் கேப்பம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கைதடி தாண்டி, சாவகச்சேரி தாண்டிக் கொடிகாமம் போனோம். அவளுடைய பிரிவு இல்லை இப்போது அது. சம்பளத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் சம்பந்தமில்லை. வழியில் பலா மரங்கள் நின்ற ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்பச் சொன்னாள். தகர வேலி போட்ட சிறிய கல்வீடு.

“மிஸ்ஸி!” என்று ஓடிவந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. கணவன் சந்தைக்குத் தேங்காய் ஏற்றப் போயிருந்தான். தேத்தண்ணி தந்தாள். மனைவி முதலில் குழந்தையைத் தூக்கி நிறை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினாள். என்ன சாப்பிடுகிறது, ஊசி எல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கதவு திறந்திருந்தபடியால் உள்ளே கதைப்பது கேட்டது.

“பிள்ளை, நான் ஒரு விசயமாத்தான் வந்தனான். நீர் முந்திக் கேக்கேக்கை இல்லை எண்டு சொன்னன். இப்ப ஒண்டு கிடைச்சிருக்கு. உம்மடை மூத்தவன்ரை சின்ன வீடியோ. வேணுமெண்டால் தாறன். வேண்டாமெண்டால் உமக்கு முன்னாலை இப்பவே அழிச்சு விடுறன். எதெண்டாலும் சரி. இண்டைக்கே சொல்லோணும் எண்டும் இல்லை.”

குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அவன்ரை சத்தம் கேக்குமோ மிஸ்ஸி?” என்று கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்.

“கேக்கும்.”

“முதல் சத்தத்தை மட்டும் போடுங்கோ. நான் கண்ணை மூடுறன்.”

முற்றத்தில் நின்ற எனக்கும் கேட்டது. முதலில் அந்தப் பெண்ணின் குரலே, இப்போதையதைவிட இளமையாக: “மிஸ்ஸி, கண் மஞ்சளாக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.” பிறகு ஒரு தும்மல். உடனேயே இன்னொரு தும்மல். பூனைக்குட்டி தும்மியது போல அவ்வளவு சிறியது. அதற்குப் பின் காற்றின் இரைச்சல்.

“திரும்பப் போடுங்கோ” என்றாள். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ கண்ணைத் திறந்திருக்க வேண்டும். அழுகைச் சத்தம் கேட்டது. நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகைக்கு நடுவில் அவள் சிரித்ததுதான் நான் எதிர்பாராதது.

“பாத்தீங்களே மிஸ்ஸி, அப்பவே தகப்பனைப் போலத்தான் தும்மிறான். அவருக்கும் ரெண்டு தரம்தான் வாறது!” பிறகு மகளைக் கூப்பிட்டாள். “இஞ்சை வா. ஆர் தெரியுமோ உது? உன்ரை அண்ணை. அண்ணையைப் பார்.”

“அண்ணை” என்று குழந்தை மழலையில் திருப்பிச் சொன்னது.

மனைவி வெளியே வர வெகுநேரம் எடுத்தது. வீடியோவை அந்தப் பெண்ணின் போனுக்கு மாற்றி, ஒரு மெமரி காட்டிலும் போட்டுக் கொடுத்தாள். பிறகு அவளுடைய பெயரிலேயே ஒரு கணக்குத் திறக்க உதவினாள். பாஸ்வேட் போடும் இடம் வந்ததும், “நான் பாக்கேல்லை, நீரே போடும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். எல்லாம் முடிந்ததும் சொன்னாள்:

“சரி பிள்ளை, இனி என்னட்டை இருக்கிறதை அழிக்கிறன்.”

“ஐயோ, வேண்டாம் மிஸ்ஸி. உங்களிட்டையும் இருக்கட்டும். நீங்களும் அவனைத் தூக்கினனீங்கள்தானே.”

மனைவி வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள். சாவகச்சேரியில் ஒரு கடையில் நிறுத்தினேன். நல்ல பசி என்று சொல்லி இரண்டு றோல் சாப்பிட்டாள்.

அதற்கடுத்த கிழமைக்குள் மிச்சம் இருந்த படங்களையும் பார்த்து முடித்தாள். தாய்மார் அனுப்பியவற்றில் அவளிடம் இப்போது இருப்பது அந்த வீடியோ ஒன்றுதான் என்று நினைக்கிறேன். புதுப் போனில், வருகிற படங்கள் கணக்குக்குப் போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறாள். யாராவது அனுப்பினால் பார்த்து, பதில் சொல்லி, அந்தப் பெண்ணுக்குச் சுகம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அழிக்கிறாள். இதைச் செய்யும்படி அவளிடம் எவரும் கேட்டதில்லை; செய்கிறாள் என்று அந்தப் பெண்களில் அனேகம் பேருக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். அந்தக் கொடிகாமத்துப் பெண்ணிடமும் கேட்டுவிட்டுத்தான், “பேர் போடாமல் எழுதுங்கோ” என்றாள்.