யார் முகம் கொடுக்கிறீர்கள்?

கரக் நகரத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் ரஸ்மிய்யாவை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. மூத்த மகனின் பெயரைச் சேர்த்துத் தாயை அழைப்பது எங்கள் வழக்கம். அவளுக்கு மகன் இல்லை. ஒரே மகள் ஹனாதி. அதனால் அவள் உம்மு ஹனாதி, அதாவது ஹனாதியின் தாய்; அவள் கணவர் முஃப்லிஹ் அபூ ஹனாதி, ஹனாதியின் தந்தை. அப்படிக் கூப்பிடும்போதே சில பெண்கள் உதட்டைச் சுழிப்பார்கள்.

"ஆமா, நான் பெத்தது ஒண்ணுதான். உங்க ஒன்பதும் சேர்ந்து அது வாங்கின மார்க்கை வாங்கட்டும், பாக்கலாம்!" என்பாள் ரஸ்மிய்யா.

பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாகத் துப்புரவு வேலை. தலைமை ஆசிரியைகூட அவள் வாய்க்குப் பயப்படுவார். ஆனால் வீட்டுக் கூடத்தில் நாலு ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அவள் சத்தம் அடுப்படியைத் தாண்டாது. எதிர் வீட்டுக்காரியான என்னைப் போல, எங்கள் பெண்கள் எல்லோரையும் போல.

ஹனாதியைச் சக்ருக்குக் கட்டிக் கொடுத்து மூன்று வருடம். அதற்குள் இரண்டு முறை வீங்கிய முகத்தோடு தாய் வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் அவன் பக்கத்துப் பெரியவர்கள் ஜாஹாவாக, அதாவது சமாதானக் கூட்டமாக, வந்து அழைத்துப் போனார்கள்.

ஜாஹா வந்தால் முதலில் ஏலக்காய் போட்ட கசப்புக் காபி ஊற்ற வேண்டும். தலைவர் குடிக்காமல் கிண்ணத்தை எதிரே வைத்துவிட்டு, வந்த காரியத்தைக் கேட்பார். "காபியைக் குடியுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது. குடிக்காமல் அவர்கள் எழுந்து போனால், அப்புறம் அந்த வீட்டுக்காரர் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முஃப்லிஹ் கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். இரண்டு முறையும் "குடியுங்கள்" என்றார். இரண்டு முறையும் மகள் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும்.

இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறை. டீயில் சர்க்கரை குறைந்துவிட்டதாம். ஹனாதியின் தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகப் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். சக்ரை உள்ளே வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பதினோரு ஆண்கள் படியேறி வந்தார்கள்.

நான் ஒத்தாசைக்கு அடுப்படியில் இருந்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது.

"உம்மா, வாப்பா 'குடிங்க'ன்னு சொல்லிட்டா நான் போகத்தான் வேணும், இல்ல?" ஹனாதி கேட்டாள். "இந்தத் தடவை போனா என்னைப் பிணமா, கஃபன் துணியில சுத்தித்தான் கொண்டு வருவாங்க."

ரஸ்மிய்யா மகளின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கிய காபி அடுப்பில் வழிந்தது. நான்தான் இறக்கி வைத்தேன்.

கூடத்தில் கூட்டத்தின் தலைவர் அபூ தலாலின் குரல் கேட்டது. நாலு ஊர் மதிக்கிற கிழவர். "அபூ ஹனாதி, பையன் தப்புப் பண்ணிட்டான். மறைக்கல. புகாரை வாபஸ் வாங்கு, பொண்ணை அனுப்பு. இதோ என் காபி அப்படியே இருக்கு."

முஃப்லிஹ் குனிந்தபடி இருந்தார். உதடு அசைந்தது. அந்த ஒரு சொல் வந்துவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் என் பக்கத்தில் இருந்தவளைக் காணோம்.

முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ரஸ்மிய்யா ஆண்கள் நடுவில் போய் நின்றிருந்தாள்!

"இந்த வீட்டுல ஆம்பளை யாருப்பா, முஃப்லிஹ்?" சக்ரின் பெரியப்பா அபூ காலிப் சிரித்தார். "சொல்லிட்டா அந்தப் பக்கம் திரும்பி உட்காருவோம்ல?"

"எந்தப் பக்கம் வேணா திரும்புங்க அபூ காலிப், காது ரெண்டு பக்கமும் இருக்கு," என்றாள் அவள். பிறகு கிழவரைப் பார்த்தாள். "ஹாஜி, ஒரு கேள்வி. போன வருஷம் லாரி மோதின வழக்குல ஜாமீனுக்கு ஆள் வச்சீங்களா?"

"வச்சோம், மகளே."

"கிணத்துத் தகராறுல?"

"அதுலயும்தான். 'இது என் முகத்துமேல, மீறினா நான் பொறுப்பு'ன்னு ஒருத்தன் சொல்லாம நம்ம ஊர்ல எந்தச் சமாதானம் நிக்கும்?"

"லாரிக்கு முகம் வச்சீங்க, கிணத்துக்கு முகம் வச்சீங்க. என் மகளை ரெண்டு தடவை வெறும் காபியிலயே கூட்டிட்டுப் போயிட்டீங்களே!" அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இன்னிக்கு வைங்க. இனி அவன் கை அவமேல பட்டா அது என்மேல பட்ட மாதிரி, நானே கேப்பேன்னு ஒருத்தர் முகம் கொடுங்க. நானே அவளுக்குப் பெட்டி கட்டுறேன்."

கிழவர் தாடியைத் தடவினார். "முறையான கேள்விதான். அபூ காலிப், நீ வளர்த்த பையன். நீ முகம் கொடு."

அபூ காலிபின் சிரிப்பு போய்விட்டது. "ஹாஜி, அவன் முன்கோபக்காரன். நாளைக்கு என்ன பண்ணுவான்னு நான் எப்படி..."

"அந்த முன்கோபக்காரன் பக்கத்துலதான் என் மகளைப் படுக்கச் சொல்றீங்க," என்றாள் ரஸ்மிய்யா.

கிழவர் அடுத்தவரைப் பார்த்தார். அவர் கைப்பேசியைப் பார்த்தார். அடுத்தவர் இருமினார். பதினோரு பேரின் கண்களும் கம்பளத்தில் பூ எண்ணிக்கொண்டிருந்தன.

"நீங்க, ஹாஜி?"

அபூ தலால் தன் முன்னால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "அறுபது வருஷமா என் முகம் பொய்யானதில்ல, மகளே. இந்தப் பயலுக்காக அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்ல." ஆறிப்போன கிண்ணத்தை முஃப்லிஹ் பக்கம் தள்ளினார். "எனக்கே நம்பிக்கை இல்லாததை உன்கிட்டக் கேட்டுட்டேன். கேட்டதைத் திரும்ப எடுத்துக்கறேன். சூடா வேற ஊத்து, வெறும் விருந்தாளியாக் குடிச்சிட்டுப் போறேன்."

முஃப்லிஹ் காபிக் கூஜாவை எடுத்தார். ஊற்றாமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஹாஜி. என் மகள் புகாரை வாபஸ் வாங்க மாட்டா. ஞாயித்துக்கிழமை நான் சாட்சி சொல்லப் போறேன். ரெண்டு தடவை அடிபட்டு வந்தவளை ரெண்டு தடவையும் நானே திருப்பி அனுப்பினேன்னு நீதிபதிகிட்டச் சொல்லுவேன். என் பேர் கெட்டா கெடட்டும்."

அபூ காலிப் விருட்டென்று எழுந்து வெளியேறினார். பின்னாலேயே ஆறு பேர். மிச்சம் நாலு பேர் காபி குடித்தார்கள்.

அடுப்படிக்குத் திரும்பிய ரஸ்மிய்யா அப்படியே தரையில் சரிந்தாள். ஹனாதி முட்டி போட்டு, கட்டில்லாத ஒரு கையால் தாயைக் கட்டிக்கொண்டாள்.

"உம்மா, செருப்புகூடப் போடாமப் போயிட்டியே. தரை ஐஸா இருக்குமே!"

"பயத்துல கால் இருந்ததே தெரியலடி, கண்ணு."

இருவரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும்தான்.

அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கேட்கும்படி, "ஆம்பளைங்க கூட்டத்துல போய் நின்னவளாம்" என்றாள். சக்ர் வீட்டார் ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஹனாதியும் தாய் தந்தையும் நீதிமன்ற வராந்தாவில் நின்றார்கள். சாட்சிகளில் முதலில் கூப்பிட்டது முஃப்லிஹின் பெயரைத்தான். அவர் மகளின் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.