ஸ்கேன் அறைக் கல்லுளிமங்கி

அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகும் எங்கள் அக்காவுக்கு ஒரு காலத்தில் வீட்டில் ஓட்டைவாய் என்று பெயர். நான் பரீட்சையில் கோட்டை விட்டால், செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா காதில் ஓதி முடித்திருப்பாள். அவள் ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேர்ந்தபோது, “பார்த்ததைச் சொல்லக் கூடாத வேலையாமே, ஒரு வாரம் தாங்குவாளா?” என்று அப்பா சிரித்தார்.

இரண்டு வருடப் படிப்பு. மணிக்கட்டு பழக வேண்டும் என்று சோப்பு டப்பாவை என் வயிற்றில் வைத்து நகர்த்துவாள். எனக்குக் கூச்சம் தாங்காது.

“அசையாம படுடி, உன் பித்தப்பையைத் தேடிட்டிருக்கேன்.”

“கிடைச்சா நீயே வெச்சுக்கோ.”

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வேலையில் சேர்ந்ததும் ஆளே மாறிப்போனாள். படம் எடுப்பது அவள், முடிவைச் சொல்வது டாக்டர். திரை அவள் பக்கம் திரும்பியிருக்கும். படுத்திருப்பவர்களுக்குத் தெரிவது அவள் முகம் மட்டும்தான். அதில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். நர்சுகள் கல்லுளிமங்கி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

எனக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதை அக்காதான் பார்த்தாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். சில்லென்று ஜெல்லைத் தடவினாள், பார்த்தாள், துடைத்துவிட்டாள். “வெளியே உக்காரு, டாக்டர் கூப்பிடுவாங்க.” அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் கூப்பிட்டு, துடிப்பு இல்லை என்றார்.

மூன்றாவது முறையும் அதே கட்டில், அதே முகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“துடிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுக்கா.”

“வெளியே உக்காரு. டாக்டர் கூப்பிடுவாங்க.”

கூடப் பிறந்தவள் சொல்கிற பதிலா இது? இதுவும் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அவளைத் திட்டித் திட்டி அழுதேன். கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது, துடிப்பும் சரியாக இருக்கிறது என்று என் வயிற்றில் பாலை வார்த்தார். ஆனாலும் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நேரே ஸ்கேன் அறைக்குப் போனேன்.

“தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை போயிடுமா?”

அக்கா கட்டிலில் புதுத் தாளை விரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நல்லா இருக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டா, நான் சொல்லாம அனுப்புறவளுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும்டி. போன தடவை நீ பெஞ்சில உக்காந்து விரல் விட்டுப் பேர் எண்ணிட்டிருந்தே. கதவிடுக்கு வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அந்த அரை மணி நேரத்தையாவது உனக்கு விட்டு வெப்போம்னு நினைச்சேன்.”

அவள் விரித்த தாள் கோணிக்கொண்டு போனது. மறுமுனையை நான் பிடித்து இழுத்துச் சரிசெய்தேன். அவள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வெளியே காத்திருந்த அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.